பஞ்சு நலம் என்று நான் சொன்னது பற்றி

ஏற்காடு, கரடியூர் சாலை.
ஆடி 11, திங்கட்கிழமை, பகல் இரண்டு மணி. மூடுபனி. வாசல் கேட் தெரியவில்லை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி திரு. செங்கோடன் அவர்களின் சமூகத்துக்கு, ஓய்வு பெற்ற எஸ்டேட் ரைட்டர் ராமசாமி கைகூப்பி எழுதுவது. இங்கு நான் நலம். தனலட்சுமி முழங்கால் வலி நீங்கலாக நலம். அங்கே தாங்களும், சம்பந்தி அம்மாளும், மாப்பிள்ளை தினேஷும், எங்கள் மகள் இளவரசியும், பேத்தி மலரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கச் சேர்வராயன் சாமி பார்த்துக்கொள்ள வேண்டும். முயல்களின் நலத்தையும் இந்த வரியிலேயே சேர்த்து எழுதத்தான் நினைத்தேன். கை வரவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது இந்த மனிதர் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று தாங்கள் நினைக்கலாம். தங்கள் போன் அடித்தால் முதலில் ஓடி வந்து எடுப்பது மலர். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலோ, தாங்கள் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவளே சத்தமாகப் படித்துக் காட்டிவிடுகிறாள். சென்ற மாதம் என் மூல வியாதி பற்றித் தங்களுக்கு அந்தரங்கமாக அனுப்பிய செய்தியை அவள் கூடத்தின் நடுவில் நின்று படித்ததாகவும், மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர்கள் நான்கு பேர் காப்பி குடித்துக்கொண்டே கேட்டதாகவும் அறிந்தேன். ஆகையால் இதை உறையில் போட்டு, ஒட்டி, ஆறு மணி பஸ் டிரைவர் ஜெயபிரகாஷிடம் கொடுத்தனுப்புகிறேன். தங்கள் கையில் தவிர வேறு கையில் கொடுக்க மாட்டேன் என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொள்வேன். படித்ததும் கிழித்துவிடவும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். மலரின் ஏழாவது பிறந்த நாளுக்குத் தாங்கள் ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த இரண்டு முயல் குட்டிகளில் பஞ்சு இறந்து இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. பட்டன் உயிரோடு இருக்கிறது. இது தங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இளவரசிக்குத் தெரியாது, முக்கியமாக மலருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காக நான் செய்துவரும் காரியங்களைத்தான் கீழே எழுதப் போகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றித் தாங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மலர் இங்கே வந்து இறங்குவதற்குள் ஒரு உதவி மட்டும் செய்துவிடுங்கள். அது என்ன என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

சேலத்து வெயில் முயலுக்கு ஆகாது, மலைக்கு அனுப்பிவிடுங்கள் என்று மே மாதம் நான் பிடித்த பிடிவாதம் தங்களுக்கு நினைவிருக்கும். "உங்க மலையில ஈரம் சாஸ்திங்க சம்பந்தி, குட்டிக்கு ஒத்துக்காதுங்க" என்று தாங்கள் சொன்னீர்கள். "எங்க காத்துக்குப் படுத்த நோயாளியே எந்திரிச்சு ஓடுவானுங்க" என்று நான் தங்கள் வீட்டு மாடிப்படியில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. தாங்கள் கொடுத்தனுப்பிய கூண்டில் அடிப்பக்கம் வெறும் கம்பி வலைதான் இருந்தது. பிஞ்சுக் கால் அதில் எப்படி நிற்கும் என்று பரிதாபப்பட்டு, வந்த அன்றே ஒரு காப்பிச் சாக்கை நாலாக மடித்து உள்ளே விரித்தேன். முப்பத்திரண்டு வருடம் எஸ்டேட்டில் வேலை பார்த்தவனுக்கு எந்தக் கஷ்டத்துக்கும் சாக்குதான். மழை வந்தால் தலைக்குச் சாக்கு, குளிர் வந்தால் நாய்க்குச் சாக்கு, ஜீப் சேற்றில் இறங்கினால் டயருக்கு அடியில் சாக்கு. குட்டிகள் இரண்டும் அதன் மேல் ஏறிப் படுத்துக் கண்ணை மூடின. கூண்டு செய்தவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருக்கிறது பார் என்று தனலட்சுமியிடம் பெருமையடித்தேன். அவள் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் விட்டதெல்லாம் பின்னால் எனக்கு வினையாக வந்திருக்கிறது.

ஜூன் கடைசியில் பஞ்சுவின் வயிறு உருண்டு திரண்டது. நான் அதைப் போட்டோ எடுத்து, 'மலைக் காற்றின் மகிமை' என்று எழுதித் தங்களுக்கு அனுப்பினேன். தாங்களும் பெருந்தன்மையாகக் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினீர்கள். அது கொழுப்பு இல்லை, சம்பந்தி. வயிறு மட்டும்தான் பெருத்தது. முதுகில் கை வைத்தால் எலும்பு சீப்புப் பல்லாகத் தட்டுப்பட்டது. தின்பதில் குறை வைக்கவில்லை, ஆனால் தின்றதெல்லாம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. உள்ளே யாரோ இலை போட்டு உட்கார்ந்து வாங்கிச் சாப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று தனலட்சுமி சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அது எவ்வளவு உண்மை என்று அன்றைக்கு இருவருக்கும் தெரியாது.

பிறகு ஒரு நாள் மத்தியானம் அந்தச் சத்தம் கேட்டது. மழை நின்று, பனி இறங்கி, ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லாமல் இருந்தது. மரம் இல்லை, வேலி இல்லை. வீட்டுக்குள் நறநறவென்று யாரோ பல்லைக் கடிக்கிறார்கள். நான் கூடத்தில் இருந்தேன், தனலட்சுமி சமையலறையில் இருந்தாள். "ஏனுங்க, எதுக்கு இப்பிடிப் பல்லக் கடிக்கறீங்க?" என்று அவள் கேட்டாள். "நான் கடிக்கலையே, நீதான் என் மேல கோவமா இருக்கறேன்னு நெனச்சேன்" என்றேன்.  சத்தம் நிற்கவில்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில் போய்ப் பார்த்தால், பஞ்சு கூண்டின் மூலையைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மனிதர் மாதிரியே பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறது. அந்த மூலையில் எதுவும் இல்லை. வயிற்று வலி வந்த முயல் அப்படித்தான் செய்யும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு, கோபமாக இருக்கிறது, ஒரு கேரட் கொடு என்று சொன்னேன். மறுநாள் கழிச்சல் கண்டது. அதற்கு மறுநாள் பகலில், சாக்கின் மேல் ஒருக்களித்துப் படுத்தபடியே போய்விட்டது. அந்த ஒரு நாளில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். காற்று பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன். அது என் குற்றம்தான், சம்பந்தி, வேறு யாருடையதும் இல்லை.

செம்மநத்தத்திலிருந்து எங்களுக்குப் புல் கொண்டுவந்து போடும் ஐயாக்கண்ணுதான் சில்வர் ஓக் மரத்தடியில் குழி வெட்டினார். மண்ணைத் தள்ளிவிட்டு மண்வெட்டியில் சாய்ந்து நின்று, "பசியோட போயிருக்குதுங்க ரைட்டரே. வவுறு அப்பிடி இருந்தாலும் உள்ள ஒண்ணும் சேரலீங்க. பசியோட போனதுன்னா, சோறு கெடச்ச ஊட்டத்தானுங்க சுத்தும்" என்றார். முயல் எல்லாம் சுத்தாது ஐயாக்கண்ணு என்றேன். "மனுசனே சுத்தறானுங்க. அதுக்கு நாலு காலு இருக்குதுங்க" என்றார்.  அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பனிக்குள் போய்விட்டார். அவர் போன பிறகு அந்தத் தோட்டத்தில் தனியாக நிற்க எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வழக்கம்போல மலர் கூப்பிட்டாள். சொல்லிவிட வேண்டும் என்று மூன்று மணியிலிருந்து வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். "அப்புச்சி, பஞ்சு நல்லா இருக்குதா?" என்றாள். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவேன், பேசுவதும் சத்தமாகத்தான். "நல்லா இருக்குது கண்ணு!" என்று சொல்லிவிட்டேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை. தயார் செய்த வாக்கியம் தொண்டையில் இருக்க, இது அதற்கு முன்னால் வந்துவிட்டது. வந்துவிட்டால் எப்படித் திரும்ப விழுங்குவது? மறுநாளும் கேட்டாள், நல்லா இருக்குது என்றேன். அதற்கு மறுநாள் வீடியோவில் வந்தாள். இரண்டும் வெள்ளை முயல், பட்டனுக்கு மட்டும் மூக்குக்கு இடது பக்கம் பித்தான் அளவு கறுப்பு. ஆகவே பட்டனை வலது பக்கமாகத் தூக்கிக் காட்டி, இது பஞ்சு என்றேன். பிறகு போனைக் கொஞ்சம் ஆட்டி, கூரையைக் காட்டி, திருப்பிப் பிடித்து இடது பக்கத்தைக் காட்டி, இது பட்டன் என்றேன். "ரெண்டையும் ஒண்ணாக் காட்டுங்க அப்புச்சி" என்றாள். பனியில சிக்னல் போகுது கண்ணு என்று சொல்லி அணைத்துவிட்டேன். தனலட்சுமி என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. முப்பத்திரண்டு வருடம் எஸ்டேட் வருகைப் பதிவேட்டில் வராத ஆளுக்கு வந்ததாகப் பேர் எழுதாத கை இது.

அன்றிலிருந்துதான் வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. தினமும் நாலரை மணிக்கு நான் "பஞ்சு நல்லா இருக்குது" என்று சொன்னதும், கூடத்து ஜன்னல் பக்கம் 'தட்' என்று ஒரு சத்தம். முயல் பயந்தாலோ எச்சரிக்கை கொடுத்தாலோ பின்னங்காலால் தரையை அப்படி அடிக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் பட்டன் இருப்பது பின்பக்கத் தாழ்வாரத்தில். ஒரு நாள் பட்டனை மடியிலேயே வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். மடியில் பட்டன் அசையவில்லை, ஜன்னல் பக்கம் 'தட்'. பட்டன் மட்டும் காதை அந்தப் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தது. ஐயாக்கண்ணு சொன்னது நினைவுக்கு வந்து, மறுநாள் யாருக்கும் தெரியாமல் சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு கேரட் வைத்தேன். அரை மணி நேரத்தில் கேரட் இல்லை. முள்ளம்பன்றியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். பட்டப்பகலில் முள்ளம்பன்றி வராது என்பது எனக்கே தெரியும். தனலட்சுமி கண்டுபிடித்துவிட்டாள். "செத்த முயலுக்குக் கேரட்டு. உசுரோட இருக்கறவளுக்கு ஒரு டம்ளர் டீ போட்டுக் குடுக்க இந்த ஊட்டுல ஆளில்லீங்க" என்றாள். டீ போட்டுக் கொடுத்தேன். கேரட்டையும் நிறுத்தவில்லை.

பஞ்சு போன நாலாவது நாள் பட்டனுக்கு வயிறு உருண்டது. இந்த முறை போட்டோ எடுக்கவில்லை. கூடையில் போட்டு, துண்டால் மூடி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கிக் கால்நடை டாக்டர் அம்மாவிடம் ஓடினேன். பெயர் சாரா, சின்ன வயது, நொம்பப் பொறுமை. இளவரசி குழந்தையாக இருந்தபோது பூச்சிக்கு விளக்கெண்ணெய் கொடுத்தது போல இதற்கும் ஒரு கரண்டி கொடுக்கலாமா என்று கேட்டேன். "ஐயா, தயவு செஞ்சு ஒண்ணும் கொடுத்துடாதீங்க" என்றார். இன்னொரு விஷயத்தையும் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். விடியற்காலையில் பட்டன் குனிந்து தன் பின்புறத்திலிருந்தே எதையோ வாங்கித் தின்பதைத் தனலட்சுமி பார்த்துவிட்டு, இதை ஏதோ பிடித்திருக்கிறது என்று விபூதி பூசினாள். வெள்ளை முயலுக்கு விபூதி பூசினால் பூசியதும் தெரியவில்லை, பூசாத இடமும் தெரியவில்லை. டாக்டர் அம்மா சிரித்துவிட்டார். "எல்லா முயலும் அப்படித்தான் ஐயா. மெத்துன்னு வர்றதை அதுவே தின்னுக்கும், அதுல சத்து இருக்கு. அது நின்னாத்தான் நீங்க பயப்படணும்" என்றார். அதாவது நான் பயப்பட்டதற்கெல்லாம் பயப்பட்டிருக்க வேண்டாம், பெருமைப்பட்டதற்குத்தான் பயப்பட்டிருக்க வேண்டும்.

பட்டனின் கழிச்சலில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், சம்பந்தி. பார்த்திருக்க வேண்டாம். வெளிச்சத்தில் நீள்வட்டமாக முட்டை முட்டையாக மிதக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் உருண்டையாக ஒரு கறுப்பு. எல்லாம் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. எஸ்டேட்டில் தினமும் ஆள் பேர் வாசித்த பழக்கத்தில் என்னையறியாமல் எண்ண ஆரம்பித்து, நாற்பதோடு நிறுத்திவிட்டேன். "இதெல்லாம் பட்டன் வவுத்துக்குள்ள இருக்குதுங்களா?" என்று கேட்டேன். "உள்ள இன்னும் பல மடங்கு இருக்கும் ஐயா. இது வெளிய வந்தது மட்டும். காக்சிடியான்னு சொல்லுவோம். புழு மாதிரி கண்ணுக்குத் தெரியாது, குடல்ல குடியிருந்துக்கிட்டு குட்டியை உள்ளயே கரைச்சிடும். பெரிய முயல் தாங்கிக்கும், மூணு மாசக் குட்டி தாங்காது" என்றார். தண்ணீரில் கலந்து கொடுக்க மருந்து கொடுத்தார். ஐந்து நாள் கொடுத்துவிட்டு, இடைவெளி விட்டு மறுபடி ஐந்து நாள். கூண்டைக் காய்ந்த நிலையில் சுத்தமாக வைக்கச் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருந்த அம்மாள் கூடையை எட்டிப் பார்த்து, அழகா இருக்குது என்றாள். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத்தான் தெரியும். 

மருந்து கேட்டது. ஐந்தாம் நாள் பட்டன் எழுந்து நின்று மூக்கை ஆட்டியது. சந்தோஷத்தில் அதன் பழைய சாக்கையே எடுத்து மறுபடி விரித்தேன். அழுக்குச் சாக்கை அப்படியே போட்டேன் என்று நினைக்க வேண்டாம். தண்ணீரில் அலசி, தாழ்வாரத்துக் கொடியில் நாலு நாள் போட்டு வைத்திருந்தேன். வேறு சாக்குப் போட்டிருக்கலாம். ஆனால் பஞ்சு கடைசியாகப் படுத்திருந்தது அதில், அந்த வாசனை இருந்தால் பட்டனுக்குத் துணையாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. சாக்கை விரித்த நாலாவது நாள் மத்தியானம், பனி இறங்கும் நேரம், நறநற.  போன சத்தம் திரும்பி வந்துவிட்டது. அன்றைக்கு நாலரை மணிக்கு மலர் வீடியோவில் வந்தாள். பட்டனைத் தூக்கிக் காட்டும் தைரியம்கூட எனக்கு இல்லை, சிக்னல் சரியில்லை என்று ஆரம்பித்தேன். "பரவால்லைங்க அப்புச்சி, காட்ட வேணாம். பஞ்சு உங்க பின்னாடி ஜன்னல் கிட்டத்தான உட்கார்ந்திருக்குது. தெரியுது" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், மழை பெய்கிறது என்று சொல்வது போல. போனின் மூலையில் என் முகம் தெரியும் சின்னக் கட்டத்தைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னல் நிறைய வெள்ளை. பனியும் வெள்ளைதானே? திரும்பிப் பார்க்கவில்லை. "ஆமா கண்ணு, அங்கதான் இருக்குது, நல்லா இருக்குது" என்று சொன்னேன். தட்.

மறுநாள் டாக்டர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஜன்னலைத் தவிர. செத்தது திரும்பி வந்து இதையும் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறதோ என்று மட்டும் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் அதை விட்டுவிட்டு, கூண்டில் கீழே என்ன விரித்திருக்கிறீர்கள் என்றார். சாக்கைப் பற்றிச் சொன்னேன். துவைத்து நாலு நாள் காய வைத்ததையும் சொன்னேன். "வெயில்லயா காஞ்சுது?" என்றார். ஆடி மாதம் ஏற்காட்டில் வெயிலுக்கு நான் எங்கே போவேன்? "ஐயா, அந்த முட்டை வெளிய வந்த உடனே ஒண்ணும் பண்ணாது. ஈரத்துல ரெண்டு மூணு நாள் இருந்தாத்தான் பழுத்து, நோயைக் கொடுக்கும். நீங்க நாலு நாள் ஈரத்துல வெச்சு, நல்லாப் பழுக்க விட்டு, நீங்களே கொண்டுபோய்ப் படுக்க விரிச்சிருக்கீங்க. கம்பி வலை வெச்சதே புழுக்கை கீழ விழட்டும்னுதான்" என்றார். வீடு முழுவதும், ஜன்னல், மரத்தடி, வேலியோரம் என்று நான் தேடிக்கொண்டிருந்த பேய் யாரென்று அப்போது தெரிந்தது. அது வேட்டி கட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் சாக்கை ஏந்திக்கொண்டு போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்து சாக்கை அடுப்பில் வைத்து எரித்தேன். ஈரச் சாக்கு, எரிவதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று, வீடு முழுக்கப் புகை. கம்பி வலையைக் கழற்றிக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினேன். தினமும் ஊற்றுகிறேன், அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காய வைக்கிறேன், புழுக்கையை உடனுக்குடன் வாரி எடுத்துவிடுகிறேன். பட்டனுக்கு இரண்டாம் முறை மருந்து இன்றோடு முடிகிறது. இன்று காலையில் என் விரலைக் கடித்தது. ரத்தம் வந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் ரத்தம் பார்த்ததில்லை. ஆக, சாக்கைப் பற்றிய விளக்கம் கிடைத்துவிட்டது. ஜன்னலைப் பற்றிய விளக்கம் கிடைக்கவில்லை. சாக்கை எரித்த பிறகும் நாலரை மணிக்கு அந்தச் சத்தம் வருகிறது. நேற்றும் வந்தது. தனலட்சுமியும் கேட்டாள். "பலகை ஈரத்துல உப்புதுங்க" என்று சொன்னாள். சொல்லிவிட்டு ஜன்னல் இருக்கும் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

இப்போது உதவி. ஆடிப் பதினெட்டை ஒட்டி வரும் வெள்ளிக்கிழமை மலர் இங்கே வருகிறாள். வந்து இறங்கியதும் கூண்டுக்குத்தான் ஓடுவாள். தாங்கள் அந்தக் குட்டிகளை வாங்கிய அதே கடைக்குப் போய், புள்ளி, கறை எதுவும் இல்லாத சுத்த வெள்ளையாக, மூன்றரை மாத வயதில் ஒரு முயலை வாங்கி, டாக்டர் ஒருவரிடம் காட்டி, வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் தாங்களே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வீட்டில் கேட்டால், என் மூல வியாதியைப் பார்க்கப் போவதாகச் சொல்லுங்கள், அதுதான் ஊருக்கே தெரியுமே. குழந்தையை ஏமாற்றச் சொல்கிறானே என்று தாங்கள் கோபப்படுவது நியாயம். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனால் நானே கேட்டு வாங்கி வந்த குட்டி, என் கையால் போனது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. அவள் அப்புறம் என்னை அப்புச்சி என்று கூப்பிடும்போது அந்தக் குரலில் ஏதாவது குறைந்திருந்தால் நான் என்ன செய்வேன்?

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கும் இளவரசிக்கும் ஆசீர்வாதம், மலருக்கு நூறு முத்தம். மலையும் மழையும் தங்கள் குடும்பத்தை ஒரு தீங்கும் அண்டாமல் காக்கட்டும். தாங்கள் மே மாதம் மாடிப்படிக்குக் கீழே நின்று சொன்னது முழுக்க உண்மை என்று இதன் மூலம் எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
ரா. ராமசாமி.

பின்குறிப்பு: முயல் வாங்க வேண்டாம். மேலே கேட்டது எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டப் பசை எடுக்கப் போனேன், அதற்குள் மலர் வீடியோவில் வந்துவிட்டாள். பள்ளிக்கூட யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. இன்றைக்கு அவள் பஞ்சுவைப் பற்றிக் கேட்கவே இல்லை. அது பொறுக்காமல் நானே "பஞ்சு நல்லா" என்று ஆரம்பித்தேன். அவள் உதட்டில் விரலை வைத்தாள். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "அம்மாயி ரூமுக்குள்ள போங்க அப்புச்சி" என்று ரகசியமாகச் சொன்னாள். போனேன். தனலட்சுமியின் அறைக் கதவைச் சாத்தச் சொன்னாள். சாத்தினேன். ஸ்பீக்கரையும் அணைக்கச் சொன்னாள்.

"பஞ்சு செத்துப்போச்சுல்ல அப்புச்சி?" என்றாள்.

 கடைசியில், ஆமாம் கண்ணு என்றேன். அறுபத்தேழு வயதில் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன், சம்பந்தி. என் தப்புதான் என்று சாக்கு வரைக்கும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அளுவாதீங்க அப்புச்சி, அதுக்குக் கேட்டுரும்" என்றாள். எப்போது தெரியும் என்று கேட்டேன். முதல் நாளே தெரியுமாம். அன்றைக்கே ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டதாம். அப்புறம் ஏன் சாமி தினமும் நல்லா இருக்குதா என்று என்னைக் கேட்டாய் என்றேன்.

"உங்களையா கேட்டேன்? அது கேக்கட்டும்னு கேட்டேனுங்க. தான் செத்தது அதுக்கே தெரியாது அப்புச்சி. நீங்க டெய்லி நல்லா இருக்குதுன்னு சத்தமாச் சொல்றீங்கல்ல, அத நம்பிட்டு உக்காந்திருக்குது. நீங்க பாட்டுக்குப் போய்ச் சொல்லிடாதீங்க, பயந்துக்கும். வெள்ளிக்கிழமை நான் வந்து மெதுவாச் சொல்லிக்கறேன்."

ஆகவே சம்பந்தி, வெள்ளிக்கிழமை வரை பஞ்சு நலம். தாங்களும் மலரோடு கட்டாயம் வர வேண்டும். கூடத்தில் நுழைந்ததும் செருப்புச் சத்தம் கேட்காமல் மெல்ல நடந்து, ஜன்னல் பக்கம் பார்த்து, "ஏன் பஞ்சு, நல்லா இருக்கறயா?" என்று ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.